ஹென்ரியெட்டா பார்னெட் யார்? அவரது குடும்பப் பின்னணி என்ன?

லண்டன் வைட்சேப்பல் புனித யூதா ஆலய குருவான சாமுவேல் பார்னெட்டின் மனைவி என்றுதான் பலரும் அறிமுகப்படுத்துவார்கள். என்னைக் கேட்டால் அது பாதி அறிமுகம்தான்.

1851இல் லண்டனின் கிளாப்பம் பகுதியில் வசதியான வீட்டில் பிறந்தார். அந்தக் காலத்து ஆண்கள் தலையில் பூசிய மக்காசர் எண்ணெய்தான் குடும்பத் தொழில். நாற்காலியில் எண்ணெய்க்கறை படியாமலிருக்க மேலே போட்ட துணிக்கே 'ஆன்டிமக்காசர்' என்று பெயர் வந்தது! பிறந்த சில நாட்களில் தாயை இழந்தார். அக்கா ஆலிஸ், மருத்துவ இதழாசிரியர் எர்னஸ்ட் ஹார்ட்டை மணந்தவர்.

ஏழைகளுக்கு வீடமைத்துத் தந்த ஆக்டேவியா ஹில்லோடு வேலை செய்தபோதுதான் சாமுவேலைச் சந்தித்தார். 1873இல் திருமணம். அப்புறம் இருவரும் விரும்பியே வைட்சேப்பலின் சேரிகளுக்கு நடுவே குடியேறினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகளுக்கு நடுவே தங்கிச் சேவை செய்வதற்கான இல்லமாக, 1884இல் அங்கே இவர்களால் டாயின்பீ ஹால் உருவானது. சொந்தக் குழந்தை இல்லை. டோரதி என்ற பெண்ணை எடுத்து வளர்த்தார்கள்.

ஹென்ரியெட்டா செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது வடக்கு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகர். சுரங்க ரயில் வருகிறது, இனி வயலெல்லாம் கட்டடமாகிவிடும் என்று தெரிந்ததும் இயக்கம் நடத்தி 80 ஏக்கரைத் திறந்தவெளியாகவே காப்பாற்றினார். பக்கத்திலேயே 243 ஏக்கரில், 1907இல், பணக்காரரும் தொழிலாளரும் சேர்ந்து வாழும் ஊரைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு மதில் கிடையாது, செடிவேலிதான். ஏக்கருக்குச் சராசரி எட்டு வீட்டுக்கு மேல் கூடாது. அங்கே அவர் நிறுவிய பெண்கள் பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

கணவர் 1913இல் இறந்த பிறகும் வேலையை விடவில்லை. 1924இல் 'டேம்' பட்டம் (ஆண்களுக்கான 'சர்' போல, பெண்களுக்கு பிரிட்டிஷ் அரசு தரும் கௌரவம்) கிடைத்தது. 1936இல் காலமானார்.