லீவர் விழுகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை

மலிவாக வாங்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் லீவர் சரியாக விழுந்தும் முன்சக்கரம் இழுக்கவில்லை, எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையே மெக்கானிக்குகள் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முன்சக்கரத்தை அச்சோடு பூட்டி விடுவிப்பது சக்கர நடுவிலுள்ள ஹப். அது கையால் திருகும் வகை என்றால் இரண்டையும் ஃப்ரீயில், அதாவது பூட்டாத நிலையில், வையுங்கள். மண் தரையில் ஃபோர் வீல் போட்டு ஒருவர் மெதுவாக நகர்த்தட்டும், நீங்கள் ஓரமாக நின்று டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போகும் நீளத் தண்டை, அதாவது முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கவனியுங்கள். அது சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்கிறது. ஹப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல நேரம் உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். காற்று உறிஞ்சலால் பூட்டிக்கொள்ளும் வாக்குவம் ஹப் என்றால் அதற்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், ஹப் பூட்டியிருக்கும்போது காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டவே வேண்டாம், கியர்கள் முறுக்கிக்கொள்ளும். செலவு செய்யும் முன் சேஸிஸில் துரு எவ்வளவு என்றும் தட்டிப் பாருங்கள்.