ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பதைத் தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாக அரசு உத்தேச அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் விவசாயம்தான். கிராம சபையில் ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டோம், யாரும் கண்டுகொள்ளவில்லை. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று பயப்படுகிறோம். வழக்குப் போட்டால் நிறுத்தலாமா? மீறிச் சேர்த்துவிட்டு, தண்ணீரும் சாக்கடையும் தராவிட்டால் வரி கட்டாமல் இருக்கலாமா?

பதில்: கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராம சபைத் தீர்மானத்தால் மட்டும் இணைப்பு நிற்காது. எது கிராமம், எது நகரம் என்று முடிவு செய்யும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. ஆனால் அரசு எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ பிரிவு சொல்கிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சிக்கு வரும் வருவாய், விவசாயம் அல்லாத வேலை செய்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம். உங்கள் பிடி இங்கேதான்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1987இல் இமாச்சலப் பிரதேச வழக்கில், கிராமத்து மக்களை நகர எல்லைக்குள் கொண்டுவந்தால் வரி உள்ளிட்ட சுமைகள் அவர்கள் தலையில் விழுவதால், அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. 1989இல் கல்யாண் மாநகராட்சி வழக்கில், எல்லை வகுப்பது சட்டம் இயற்றுவது போன்ற வேலை, சட்டம் சொன்ன நடைமுறைக்கு மேல் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அந்த வழக்கின் கதையைக் கவனியுங்கள். உத்தேச எல்லைக்குள் இருந்த உல்லாஸ்நகரை, வந்த ஆட்சேபங்களைப் பார்த்து மகாராஷ்டிர அரசே வெளியே விட்டது. அதில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.

அதனால் இப்போது, உத்தேச அறிவிப்புக் கட்டத்தில், உங்கள் சக்தியெல்லாம் ஆட்சேப மனுவில் இருக்கட்டும். ஒரே நகலில் ஐநூறு கையெழுத்து வாங்கி அனுப்புவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன், அது கட்டோடு ஓர் அலமாரிக்குப் போகும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலிலிருந்து (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு) சாகுபடிப் பரப்பு, ஊராட்சியில் உள்ள நூறு நாள் வேலை அட்டைகளின் எண்ணிக்கை, ஊராட்சியின் ஆண்டு வருவாய் ஆகியவற்றை எடுத்து, 243-கியூ சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நேராக எழுதுங்கள். கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்து, கெடு தேதிக்குள் ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். இணைப்புக்காக அதிகாரிகள் அரசுக்கு அனுப்பிய கருத்துருவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவைப் பரிசீலிக்காமலே இறுதி அறிவிப்பு வந்தால், உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போட அப்போது உங்களிடம் அடிப்படை இருக்கும். 'பெரிய மாநகராட்சியால் எங்களைக் கவனிக்க முடியாது' என்ற வாதம் மட்டும் அங்கே எடுபடாது. குப்பைக் கிடங்கு, குடிநீர்க் குழாய் போன்றவற்றைப் பெரிய அமைப்பு சமாளிக்கலாம், எரியாத தெருவிளக்குக்குத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டும் வசதி போய்விடும். இரண்டும் உண்மைதான். ஆனால் எது நல்லது என்பது கொள்கை முடிவு என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும்.

நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கானது. இணைப்பு அமலுக்கு வந்தால் அந்த உரிமை முடிந்துவிடும். ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலி பாக்கி மட்டும் போகாது.

அடுத்து வரி. கட்டாமல் இருக்காதீர்கள். சொத்து வரி என்பது வரி, சேவைக்கான கட்டணம் அல்ல. சாக்கடை இல்லை என்பதை வரி மறுக்கக் காரணமாகச் சட்டம் ஏற்காது, வட்டியும் வசூல் நடவடிக்கையும்தான் மிஞ்சும். அரையாண்டு வரி நோட்டீஸ் வந்ததும் கட்டடப் பரப்பும் மண்டலமும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அதற்கு மேல்முறையீடு உண்டு.

சாக்கடைக்கு வேறு கதவு இருக்கிறது. 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில், 'நிதி இல்லை' என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர். அதற்குப் பயன்பட்ட பொதுத் தொல்லைப் பிரிவு இன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. கழிவுநீர் தேங்கி நின்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். கெடு வைத்து அதை அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவோடு தேதியிட்ட படங்களையும், மாநகராட்சிக்கு முன்பே கொடுத்த புகாரின் எண்ணையும், கட்டிய வரி ரசீதின் நகலையும் வையுங்கள்.