பங்குனி வெயிலில் குழித்தட்டு நாற்று: சாவது வெயிலாலா, தண்ணீராலா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் பத்து சென்ட் நிழல்வலைக் குடிலில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று விடுகிறேன். தை வரைக்கும் குறையில்லை. மாசி பிறந்ததிலிருந்து தட்டுக்குப் பத்துப் பதினைந்து நாற்று அடித்தண்டு இற்று விழுகிறது. வெயிலில் வாடுகிறதே என்று மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறேன், நிற்கவில்லை. போதாததற்குத் தக்காளி விலை இறங்கினால் ஆர்டர் சொன்னவர்கள் வருவதே இல்லை, நாற்று முற்றிப்போகிறது. சித்திரை வரை எப்படி ஓட்டுவது?

பதில்: வெயிலுக்கு வாடிய நாற்று பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். அடித்தண்டு நீர் கோத்ததுபோல் ஆகி, நூலாய்ச் சுருங்கிச் சாய்ந்தது நிமிராது. அது நாற்றழுகல் நோய்; பித்தியம் போன்ற பூசணங்களின் வேலை. ஈரம் விடாமல் இருந்தால்தான் அவை பெருகும். நீங்கள் அன்போடு தெளிக்கும் அந்த மூன்றாவது வேளைத் தண்ணீர்தான் அவற்றை வளர்க்கிறது என்பது என் கணிப்பு.

காலையில் வெயில் ஏறுமுன் பூவாளியால் தட்டின் அடித்துளையில் கசியும்வரை ஊற்றுங்கள். பிற்பகலில் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். எடை இல்லாமல் லேசாக இருந்தால் மட்டும் மூன்று மணிக்குள் இன்னொரு முறை. இருட்டும்போது இலையிலும் தண்டிலும் ஈரம் இருக்கவே கூடாது. இன்னொன்று: கறுப்புக் குழாயில் தேங்கிய தண்ணீர் இந்த மாதங்களில் கை பொறுக்காத சூடாக இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு அப்புறம் நாற்றுக்குத் திருப்புங்கள்.

அழுகல் கண்ட தட்டுகளை இன்றைக்கே தனியே பிரித்துவிடுங்கள். அவற்றுக்கும் பக்கத்துத் தட்டுகளுக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர் நனைய ஊற்றலாம். அடுத்த விதைப்பில் விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணம்) கலந்து நேர்த்தி செய்யுங்கள். நிறம் பூசி வரும் வீரிய விதையில் ஏற்கெனவே மருந்து இருக்கும். அதற்கு டிரைக்கோடெர்மாவைத் தட்டில் நிரப்பும் கொக்கோபீட்டில் (தென்னை நார்க்கழிவில்) கலப்பதே சரி. பழைய தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவாமல் மறுபடி நிரப்பாதீர்கள்.

கொக்கோபீட்டையும் சந்தேகப்படுங்கள். நான் தொழில் தொடங்கிய ஆண்டில் மலிவாகக் கிடைத்த ஒரு சுமையை நம்பி மொத்தத்தையும் நிரப்பினேன். மிளகாய் முளைத்து இலை ஓரம் கருகியே போனது. உப்பு கழுவாத நார்க்கழிவு அது. உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டர் ஒன்று வாங்கிவைத்து, அளவு 1-க்குக் (மில்லிசீமன்ஸ்/செ.மீ.) கீழே வந்த சரக்கை மட்டும் எடுங்கள்.

முளைப்புக்காகத் தட்டுகளை அடுக்கி பாலித்தீன் மூடுவீர்கள் அல்லவா? ஆறு நாள் கணக்கு குளிர்காலத்துக்குச் சரி. பங்குனியில் மூன்றாம் நாளிலிருந்தே திறந்து பாருங்கள். பாதி விதை தலைகாட்டியதும் பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டை நெட்டையாக நீளும். அந்த மெலிந்த தண்டில்தான் அழுகல் முதலில் பிடிக்கும். அடுக்கு நிழலில் இருக்கட்டும், வெயில் பட்டால் விதை வெந்துவிடும்.

வெயில் ஏற ஏற வெள்ளை ஈயும் ஏறும். தக்காளிக்கு இலைச்சுருட்டை நச்சுயிரியைக் கொண்டுவருவது அதுதான். தட்டில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, நட்டுச் சில வாரத்தில் வயலில் சுருளும். விவசாயி உங்களைத்தான் கேட்பார். நிழல்வலை ஈயைத் தடுக்காது. தக்காளித் தட்டுகள் இருக்கும் பகுதிக்காவது 40 அல்லது 50 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்) பூச்சித் தடுப்பு வலை கட்டி, இரட்டைக் கதவு வைத்து, உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். வேறெந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள்.

சரி, வராத ஆர்டருக்கு வருவோம். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35. இரண்டும் ஒரு வாரம் பொறுக்கும். தக்காளி 25 நாளில் தயார், அதன்பின் காத்திருக்காது. ஆகவே விதைக்காசுக்காவது முன்பணம் வாங்காமல் தக்காளி விதையைத் தட்டில் போடாதீர்கள். ஐந்தடிக்கு ஒன்றரை அடி இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 5,800 நாற்று. 98 குழித் தட்டில் பத்து சதவீதம் சேதம் போக 66 தட்டு விதைத்தால் போதும். குடிலில் இடம் இருக்கிறதே என்று நூறு தட்டு போடுவதில்தான் பணம் கரைகிறது. ஆளே வரவில்லையென்றால் உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, தட்டுகளை இடைவெளிவிட்டு வைத்தால் நாலைந்து நாள் தாக்காட்டலாம். வேர் சுருண்டு, தட்டிலேயே பூ எடுத்த தக்காளி நாற்றைப் பாதி விலைக்குக்கூடக் கொடுக்காதீர்கள், உரக்குழியில் கொட்டுங்கள். அதை நட்டவர் ஒரு போகத்தையே இழப்பார்.

விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி நாற்று விற்கவும் உரிமம் வேண்டும். இல்லையென்றால் மாவட்ட விதை ஆய்வுத் துறை அலுவலகத்தில் விசாரித்து எடுத்துவிடுங்கள். விதைப் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள குவியல் எண்ணையும் (லாட் நம்பர்) விதைத்த தேதியையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். நாளை முளைப்போ ரகமோ தகராறானால் விவசாயிக்கும் உங்களுக்கும் அந்த எண்தான் பேசும்.