கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்த மாத்திரையா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வயசுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நான்கு மாதம் தீட்டே வராது. வந்தால் பன்னிரண்டு நாள் நிற்காது. ஹீமோகுளோபின் 8 என்றார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பார்த்த என் நாத்தனார், "இது கருத்தடை மாத்திரை, நாளைக்குக் குழந்தையே தங்காது" என்கிறார். பயந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. என்ன செய்வது டாக்டரம்மா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கொடுங்கள் அம்மா. எனக்கு உங்கள் மகளின் அந்த 8 தான் கவலையாக இருக்கிறது. 12 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்றால், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், பாடம் மண்டையில் ஏறாது.

வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது சகஜம். 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருக்கலாம். அதற்கு மாத்திரையே வேண்டாம். ஆனால் 90 நாள் தாண்டினாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்தாலோ காட்டத்தான் வேண்டும்.

இந்த வயதில் பல மாதம் கருமுட்டை வெளிவராது. வந்தால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் வேலை செய்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் கட்டுப்பாடில்லாமல் உதிரும். மாத்திரையில் இரண்டு ஹார்மோனும் இருப்பதால் சவ்வு மெல்லியதாகவே இருக்கும், போக்கு குறையும். நிறுத்தியதும் சினைப்பை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிள்ளைப்பேறுக்கு இதனால் கெடுதல் இல்லை. உங்கள் நாத்தனாரிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

அதேசமயம் மாத்திரை ஒழுங்கின்மைக்கான காரணத்தைக் குணப்படுத்துவதில்லை. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) அளவு பார்த்தார்களா? ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்த்தார்களா? வயசுக்கு வந்ததிலிருந்தே இவ்வளவு போகும் பெண்களில் சிலருக்கு அதுதான் காரணமாக இருக்கும். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள்.

அப்புறம், மாத்திரை தொடங்கும் முன் சில விஷயங்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து பின் ஒற்றைத் தலைவலி வருமா, குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியதுண்டா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறாளா. இருந்தால் வேறு வழி இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் மாதத்தில் சில நாள் கொடுப்பார்கள். மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆரம்பத்தில் குமட்டலும் லேசான கசிவும் வரலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரே நேரத்தில் கொடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையோடு ஏழு இரும்பு மாத்திரையும் இருக்கும். உங்கள் மகளுக்கு அந்த ஏழு போதாது, இரும்பு மாத்திரை தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை டீ, காபியோடு கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் மகளை உட்கார வைத்து அவளிடமே சொல்லுங்கள். தீட்டு தொடங்கும் தேதியும் நிற்கும் தேதியும் அவளே காலண்டரில் குறித்து வைக்கட்டும். மூன்று மாதம் கழித்துப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.