தோழியின் சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்தேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் நான்கையும் ஆங்கிலத்தில் வாசித்து முடித்தேன். அவற்றின் மையமான லீலா, லெனு என்னும் இரு தோழிகளும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் தொழிலாளர் போராட்டங்களும் ஆயுதக் குழுக்களும் செய்தித்தாள் துணுக்குகளைப் போல வந்துபோகின்றன. அரசியல் இந்நாவலுக்கு வெறும் பின்னணிதானா?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

பெரிய நிகழ்ச்சிகளை மட்டுமே அரசியல் என்று கொண்டால் உங்கள் குறை நியாயமானது. 1978இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ரெட் பிரிகேட்ஸ் என்னும் இடதுசாரி ஆயுத இயக்கத்தினர் கடத்திக் கொன்ற காலத்தைக் கதை கடந்து செல்கிறது என்றாலும், அக்காலத்தை அறிய நாம் இந்நாவலை நாட வேண்டியதில்லை. ஆயுதமேந்தும் நாதியாவின் பாத்திரம் மெலிந்தது என்றுகூடச் சொல்வேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாம் பாகத்தில் வரும் சாசேஜ் ஆலை. கணவனை விட்டு வந்த லீலா அங்கே கூலிக்குச் சேர்கிறாள். இறைச்சி வேகும் நீரில் இடுப்பளவு நின்று வேலை செய்வதையும், கைகள் வெட்டுப்படுவதையும், சோதனை என்ற பெயரில் வாசற்காவலாளி பெண்களின் உடலைத் தடவுவதையும் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் அவள் பேசிவிடுகிறாள். மாணவர்கள் அவளைக் கேளாமலேயே அந்தப் பேச்சைத் துண்டறிக்கையாக்கி ஆலை வாசலில் விநியோகிக்கிறார்கள். முதலாளியின் கோபத்துக்கு ஆளாகிறவள் லீலா. பின்னர் அவளிடமிருந்து பெற்ற விவரங்களைக் கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி நாளேட்டில் லெனு கட்டுரை எழுதுகிறாள். பெயரும் பாராட்டும் லெனுவுக்குச் சேர்கின்றன. பட்டவள் ஒருத்தி, எழுதுபவள் இன்னொருத்தி என்னும் இந்த ஏற்பாட்டை எந்தப் புரட்சியும் மாற்றவில்லை.

இதன் வேர் தொடக்கப் பள்ளியிலேயே இருக்கிறது. இருவரும் 1944இல் பிறந்தவர்கள். அன்று இத்தாலியில் நடுநிலைப் பள்ளிக்குச் செல்ல நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், வீட்டார் செலவும் செய்ய வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான கட்டாய நடுநிலைப் பள்ளியை 1962 இறுதியில் வந்த சட்டமே உருவாக்கியது. லெனுவின் பெற்றோர் எப்படியோ இசைந்தார்கள். அவளைவிடக் கூர்மையான லீலா மேலே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தபோது, செருப்புத் தைக்கும் அவள் தந்தை அவளை ஜன்னல் வழியே தெருவில் வீசியெறிந்தார். கை முறிந்தது, படிப்பும் முறிந்தது. பிற்காலத்தில் இருவருக்கும் இடையே எழும் பொறாமை, நன்றி, கோபம் ஆகியவற்றைக் குணக்கோளாறாக மட்டும் வாசித்தால் இந்த ஜன்னல் நம் பார்வையிலிருந்து தப்பிவிடும்.

தன்னைப் பற்றி ஒருபோதும் எழுதக் கூடாது என்று லீலா பின்னாளில் கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் வாசித்த நான்கு பாகங்களும் அந்தத் தடையை மீறி லெனு எழுதியவை.