கத்திரிக்காயும் ஒளி உணரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பூச்சிமருந்தால் ஒரு நொதி முடங்குவதை வைத்து, அந்த மருந்தை ஒளியின் உதவியால் கண்டுபிடிக்கும் உயிர் உணரிகளை (பயோசென்சர்) பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒளி எதற்கு? கத்திரிக்காய் கழுவிய தண்ணீரை அதில் விட்டால் எந்த மருந்து அடித்தார்கள் என்று சொல்லிவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

சொல்லாது. காரணம் உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

2003இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இட்டமார் வில்னரின் குழு செய்ததைப் பார்ப்போம். தங்க மின்முனையில் காட்மியம் சல்ஃபைடு நானோ துகள்கள். அவற்றோடு பிணைத்த அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி. நம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் அதே நொதிதான். ஒளி பட்டால் துகளில் ஓர் எலெக்ட்ரான் கிளம்பி மின்முனைக்குப் போகும். துகளில் விழுந்த காலியிடத்தை யாராவது நிரப்பவேண்டும். இல்லையென்றால் போக நினைத்த எலெக்ட்ரானே திரும்பிவந்து உட்கார்ந்துகொள்ளும். நிரப்புவது தயோகோலின். கரைசலில் விட்ட அசிட்டைல்தயோகோலினை நொதி வெட்டினால்தான் அது கிடைக்கும். ஆகவே நொதி சுறுசுறுப்பாக இருந்தால் மின்னோட்டம் ஏறும், முடங்கினால் இறங்கும். விளக்கை அணைத்தால் நின்றுவிடும். ஒளியால் வந்த மின்னோட்டம் எது, மற்ற இரைச்சல் எது என்று பிரித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியின் வெட்டும் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டி அதை முடக்குகின்றன. இன்னொரு வகையான கார்பமேட்டுகளும் அங்கேதான் ஒட்டும். முடங்கியது தெரியும், முடக்கியது முதல் வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸா, இரண்டாம் வகையைச் சேர்ந்த கார்போஃபியூரானா என்பது கருவிக்குத் தெரியாது.

அதைவிட ஏமாற்றக்கூடியது மாலத்தியான். அப்படியே விட்டால் நொதியைப் பெரிதாகத் தொடாது. உடலுக்குள் போய் மாலாக்சானாக மாறிய பிறகே வேலையைக் காட்டும். ஆகவே மாதிரியை முதலில் புரோமின் போன்ற ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்யாவிட்டால், ‘மருந்தே இல்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

அப்புறம், கழுவிய தண்ணீர் போதாது. மோனோகுரோட்டோபாஸ் செடிக்குள் ஊடுருவும் மருந்து. காயை அரைத்துச் சாறெடுக்கவேண்டும். பெயரும் அளவும் வேண்டுமென்றால் மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும் ஆய்வகம்தான். நூறு மாதிரியில் எதை அங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க இந்த வகை உணரி உதவும்.

சரி, காட்மியமே நஞ்சுதானே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஆமாம், நஞ்சுதான்.