மூன்று வலைச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரு கொம்போனென்ட் லைப்ரரி (பட்டன், பெட்டி போன்ற திரைப் பாகங்களை ஒரே இடத்தில் எழுதி எல்லாச் செயலியிலும் பயன்படுத்தும் தொகுப்பு) கட்ட நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்விக்கு எங்கள் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நாங்கள் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நான்கு பேர் கொண்ட சிறு குழு. தேயிலைத் தோட்டங்களுக்காகக் கொழுந்து நிறுவை, செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவு), முற்பணக் கணக்கு என்று மூன்று செயலிகள் எழுதியிருக்கிறோம். லைப்ரரி வேண்டும் என்று எங்களுக்குப் புரியவைத்தது ஒரே ஒரு பெட்டி: கிலோவைப் பதியும் பெட்டி.

மூன்றிலும் அதை 'டைப் நம்பர்' (எண்ணுக்கென்றே எச்டிஎம்எல்லில் இருக்கும் பெட்டி வகை) என்றே வைத்திருந்தோம். ஒரு நாள் ஒரு தோட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு. மடுவத்துத் துண்டில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எழுதித் தரும் சீட்டில்) 18, திரையில் 17. யாரும் தப்பாக அடிக்கவில்லை. எண்ணை அடித்த பிறகு, கர்சர் பெட்டிக்குள் இருக்கும்போதே பக்கத்தை இறக்க மவுஸ் சக்கரத்தை உருட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பதிலாக எண் இறங்கிவிட்டது. நாள் முழுக்க மலையில் நின்று பறித்த ஒரு அக்காவுக்கு அந்த ஒரு கிலோவால் முழுப்பேர் அரைப்பேராகிவிடலாம், அதாவது முழு நாள் சம்பளம் அரை நாள் சம்பளமாகிவிடலாம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிரித்தானிய அரசின் இணையதளங்களுக்குப் பொது வடிவமைப்பு விதிகளைத் தரும் டிசைன் சிஸ்டம் குழுவும் 2020இல் இப்படியான சிக்கல்களைச் சொல்லித்தான் 'டைப் நம்பர்' வேண்டாம் என்றது. 'டைப் டெக்ஸ்ட்' போட்டு, 'இன்புட்மோட்' கொடுத்தால் போனில் எண் விசைப்பலகை வந்துவிடும். எங்களுக்குப் புள்ளியும் வேண்டும், அதனால் 'டெசிமல்'. திருத்தம் இரண்டே வரி. ஆனால் அதை ஒன்பது இடத்தில் செய்ய வேண்டியிருந்தது. முற்பணச் செயலியில் ஒரு இடம் விடுபட்டு, அடுத்த மாதம் அதே முறைப்பாடு மறுபடி வந்தது.

அதனால் நாற்பது கொம்போனென்ட்டுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஏற்கெனவே மூன்று இடத்தில் இருப்பதில், பிழை வந்தால் யாருக்காவது நட்டம் வரக்கூடியதை முதலில் வெளியே எடுங்கள். நாங்கள் எண் பெட்டி, பட்டன், பிழைச் செய்தி என்று மூன்றோடுதான் தொடங்கினோம். திகதிக்கு பிரவுசரில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டோம்.

பட்டனில்தான் நிறையப் படித்தோம். 'சேவ்' என்ற சொல்லுக்கு அளந்து வைத்த அகலத்தில் 'சேமிக்கவும்' அடங்காது. அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல், குறைந்தபட்ச அகலமும் பேடிங்கும் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) மட்டும் கொடுங்கள். வரி உயரத்தை 1 என்று வைத்துவிட்டு ஓவர்ஃப்ளோவை (பெட்டிக்கு வெளியே வழிவதை) மறைத்தால் சிங்கள எழுத்தின் மேல், கீழ்க் குறிகள் வெட்டுப்படலாம், நாங்கள் 1.5 வைத்திருக்கிறோம். தொடும் அளவுக்கு, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய வலைப் பக்கங்களுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 இன் ஏஏ தரம் கேட்பது 24 பிக்சல். மடுவத்தில் ஈரக் கையோடு தட்டுகிறவர்களுக்கு அது காணாது, எங்களுடையது 48. கொம்போனென்ட்டுகளைத் தனியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஸ்டோரிபுக்கில் ஒவ்வொரு பட்டனையும் மூன்று மொழியிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வெளியிடுவதில்லை.

அப்புறம், ஒரு செயலிக்கு மட்டும் தேவைப்படும் விருப்பத்தை லைப்ரரிக்குள் சேர்க்காதீர்கள். அது அந்தச் செயலியிலேயே இருக்கட்டும். நிறங்களையும் இடைவெளிகளையும் சிஎஸ்எஸ் மாறிகளில் வைத்தால் தோட்டத்துக்குத் தோட்டம் நிறம் மாற்றுவது சுலபம். கொம்போனென்ட்டுகளைத் தனித்தனியாக இம்போர்ட் செய்யும்படி வையுங்கள். மேற்கணக்குப் பக்கம் (தோட்டத்தின் மேல் பிரிவில்) போன் சிக்னல் ஒரு கோடுதான், தேவையில்லாத நிரல் அங்கே இறங்கவே கூடாது.

லைப்ரரியை எதில் எழுதுவது, ரியாக்டிலா (திரைப் பாகங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி), வெப் கொம்போனென்ட்ஸிலா (பிரவுசரே தரும் வழி) என்ற குழப்பம் வேண்டாம். மூன்று செயலியும் ரியாக்ட் என்றால் ரியாக்டிலேயே எழுதுங்கள். ஒன்று வேறாக இருந்தால் மட்டும் மற்றதை யோசிக்கலாம்.